இரண்டு ஆள் வலை

என் அண்ணனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கோபம் என்று இல்லை. உப்பை எடுத்துத் தா என்பதைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வான். நாங்கள் குடியிருக்கிற கட்டிடத்தில் அவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். மூன்றாவது மாடியில் அவனும் அண்ணியும், இரண்டாவது மாடியில் நான். அவர்கள் வீட்டு விஷயத்தை நான் ஒருநாளும் ஒட்டுக் கேட்டதில்லை. அதற்கு அவசியமே இருந்ததில்லை, எல்லாம் தானாகப் படியிறங்கி வந்துவிடும்.

அவன் தொண்டை அப்படி ஆனதற்கு அவன் பார்த்த வேலையும் ஒரு காரணம். ஊருக்கு வெளியே கோல்ஃப் பயிற்சித் திடல் ஒன்று இருந்தது. ஆட்கள் வரிசையாக நின்று பந்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பந்துகளைப் பொறுக்குகிற வண்டியை, கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுவது அண்ணன் வேலை. கூண்டின் மேல் பந்து படபடவென்று விழும்போது கத்தினால்தான் யாருக்கும் எதுவும் கேட்கும். திடல் காலியானதும் அவனும் ஒரு மட்டையை எடுத்து அடித்துப் பார்ப்பான். நன்றாகவே அடிப்பான், அதில் குறை சொல்ல முடியாது.

பிறகு திடலை விற்றுவிட்டார்கள். அங்கே அடுக்குமாடி எழும்பியது. இருந்த சாமான்களை வந்த விலைக்குத் தள்ளியபோது அண்ணன் ஒரு ரேடார் பெட்டியை வாங்கி வந்தான். செங்கல் அளவுதான் இருக்கும். அதைப் பந்துக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டால் போதும். பந்து கிளம்பின வேகத்தையும் கோணத்தையும் பார்த்து, தடுக்க வலை இல்லாமல் இருந்தால் அது எங்கே போய் விழுந்திருக்கும் என்று டேப்லெட் திரையில் காட்டும். நிஜப் பந்து வலையில் மோதி, துணி மாதிரித் தொப்பென்று கீழே விழுந்து கிடக்கும். திரையிலோ அது புல்வெளியைத் தாண்டிக் குளத்தைத் தாண்டிப் பறந்துகொண்டிருக்கும். ஜனங்கள் கீழே கிடப்பதைப் பார்க்க மாட்டார்கள், திரையைப் பார்த்துக் கை தட்டுவார்கள். இந்த வித்தையை ஒரு சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு போய் அலுவலக விழாக்களிலும் குடியிருப்பு முற்றங்களிலும் காட்டுவதுதான் அண்ணனின் புதுத் தொழில்.

இதற்கு வலை வேண்டும். அண்ணன் முதன்முதலில் எடுத்த வலை ஒரு வீட்டுக் கூடம் அளவு இருந்தது. இரும்புக் குழாய்களை மூட்டு மூட்டாகச் செருகி, மேல் கம்பியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கம் மூட்டு கழன்றுவிடும். அவ்வளவு பெரிசு எதற்கு என்றால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தான். பந்து கொஞ்ச தூரமாவது பறந்தால்தான் பெட்டி சரியாகச் சொல்லும், வலை பக்கத்தில் இருந்தால் குத்துமதிப்பாக உளறும். தள்ளி வைத்தால் பந்து இடம் வலம் போகும், அதனால் வலை அகலமாக இருக்க வேண்டும். எல்லாம் சரிதான். பெட்டிக்கு என்ன வேண்டும் என்று யோசித்தான், பந்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்தான். கம்பியின் மறுமுனையைப் பிடிக்கப் போவது யார் என்று மட்டும் யோசிக்கவே இல்லை. வீட்டில்தான் ஒருத்தி இருக்கிறாளே.

மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சற்று மூச்சு விடலாம் என்று உட்கார்ந்திருந்தாள் அண்ணி. அவளை வேனில் ஏற்றிவிட்டான். வலையைத் தூக்கி நிறுத்துவாள். வெயிலில் திரை தெரியாது என்பதால் கறுப்புக் குடையின் கீழ் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொல்வாள். கிழிந்த வலையை வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுத் தைப்பாள். எல்லாவற்றையும் செய்துகொண்டே வசவும் வாங்குவாள்.

"பிடி! ஏய், பிடின்னா பிடி! எங்க பராக்குப் பாக்குற? தூக்கு! இன்னும் தூக்கு! அய்யோ, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!"

கோட்டுப் போட்டவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், கையில் குளிர்பானத்தோடு நிற்கிற இளசுகள் எல்லோரும் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். ஒரு தடவை ஓர் அலுவலகத்தில் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் ஒருவர் அண்ணனிடம் வந்து, "இதுவும் ஷோவுல சேர்த்தியா சார்?" என்று கேட்டாராம். அண்ணன் அதை எங்களிடம் பெரிய ஜோக்காகச் சொல்லிச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. அவள் அப்போது என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். "என்னைத் திட்டுறது பழகிப்போச்சு. ஆனா திட்டுறப்ப நான் கையில கம்பியைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கிறேன் பாரு, முகத்தை மூடிக்கக்கூட முடியல."

நான் இதைப் போய் அண்ணனிடம் சொன்னேன். "அவ வீட்டுக்குள்ள இருந்தே பழகினவ, கூச்சப்படுறா. போகப் போகச் சரியாயிடும்" என்றான். சுவரோடு பேசியிருக்கலாம்.

அண்ணிக்குத் தோளில் அடிபட்டது ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில். மத்தியானம், காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. தார்த் தரையில் முளை அடிக்க முடியாது, குழாய்க் கால்களின் மேல் மணல் மூட்டை வைக்க வேண்டும். அவசரத்தில் அண்ணன் ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கிறான். மறுபக்கத்துக்கு மூட்டை எடுத்து வருவதற்குள் காற்று வலைக்குள் புகுந்து அதை அப்படியே தூக்கியிருக்கிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார்கள். சாய்ந்தால் வலை நேராகப் பெட்டியின் மேல்தான் விழும். அண்ணன் தன் முனையை விட்டுவிட்டுப் பெட்டியை எடுக்க ஓடினான். ஓடிக்கொண்டே, "விட்டுடாத! விட்டுடாத!" என்று கத்தினான். அண்ணி விடவில்லை. அவ்வளவு பெரிய இரும்புச் சட்டத்தை ஒற்றைக் கையில் நிறுத்த அவள் என்ன பயில்வானா? தோள் எலும்பு மூட்டிலிருந்து நழுவிவிட்டது. சட்டம் விழுந்து இரண்டு குழாய்கள் வளைந்துபோயின.

"ஒரு கம்பியை ஒழுங்கா பிடிக்கத் துப்பில்ல!" என்றானாம் அத்தனை பேர் முன்னாலும். அவள் வலியில் தரையில் உட்கார்ந்திருந்தது அப்போது அவன் கண்ணில் படவில்லையாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அண்ணி இல்லை. அண்ணனேதான் சொன்னான், பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்ற சந்தோஷத்தில்.

தோளை இழுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போனாள். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். கட்டுப் பிரித்தாயிற்று என்று செய்தி வந்தது, அவள் வரவில்லை. அண்ணன் வாராவாரம் போன் போடுவான். எனக்கு இரண்டாவது மாடியில் சுத்தமாகக் கேட்கும்.

"எப்ப சரியாகும்? எப்ப வர்ற? இங்க வேலை கெட்டுப் போவுது."

அண்ணியின் குரல் எனக்குக் கேட்காது. என்ன சொன்னாள் என்று கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள்ங்கிறா" என்பான். கட்டிடத்தில் யார் விசாரித்தாலும் அதே பதில்தான். பிறகு அவள் அங்கே ஒரு பல் டாக்டரிடம் முன் மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். அதையும் அவளே அவனிடம் சொன்னாள். "சும்மா பொழுது போகலன்னு போறா. கையை அசைச்சாத்தான தோளு சரியாகும், அதுக்குத்தான்" என்று அண்ணன் எனக்கு விளக்கம் கொடுத்தான். அண்ணி என்னிடம் போனில் சொன்னது வேறு. "இங்க யாருமே சத்தமா பேச மாட்டாங்க. வந்தவங்க எல்லாரும் பல்லு வலியில இருக்காங்களா, மெதுவாத்தான் பேசுவாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா காது அப்படியே லேசா இருக்கு."

அதைக் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் அவன் தயாராக இல்லை.

இதற்கிடையில் புது வலை வாங்கியாக வேண்டியிருந்தது. வளைந்த குழாயை நிமிர்த்திப் பார்த்தான், மூட்டு உட்காரவில்லை. பழைய வலை வாங்கின விளையாட்டுச் சாமான் கடைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விடுமுறை. சலவை நிலையத்தில் வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு அன்று ஒருநாள் உட்காரலாம். அதையும் பிடுங்கிக்கொண்டான்.

கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று வலை காட்டினார். ஒன்று பழையது மாதிரியே இரும்புக் குழாய் வலை, அதைவிட இன்னும் ஒரு சுற்றுப் பெரிசு. இன்னொன்று வளைகிற நார்க் கம்பி வைத்தது, லேசு, ஆனால் காற்று அடித்தால் தலையாட்டும். மூன்றாவது வட்டமான ஒரு தட்டைப் பையில் இருந்தது. கடைக்காரர் ஜிப்பைத் திறந்து, கடை நடுவில் அதை உதறினார். தானாக விரிந்து நிமிர்ந்து நின்றது. பக்கத்துக்கு ஒரு சிறகு, மட்டையில் சரியாகப் படாமல் பக்கவாட்டில் தெறிக்கிற பந்தைப் பிடிக்க. அடியில் மணல் போட ஜேபி.

"அகலமும் போதும், சிறகும் இருக்கு. முக்கியமா ஒரே ஆள் போதும் சார், நிறுத்துறதுக்கு" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அண்ணனின் முகம் இறுகிவிட்டது.

"இது என்னங்க, குழந்தைங்க விளையாடுற கூடாரம் மாதிரி இருக்கு. கம்பெனிக்காரங்க மதிப்பாங்களா?"

"மதிப்பு பந்து எவ்வளவு தூரம் போகுதுங்கிறதுல இருக்கு சார். உங்களுக்கு வண்டியில ஏத்துறது, இறக்குறது எல்லாம் சுலபம். வயசும் ஆகுதில்ல."

"எங்களுக்கு ரெண்டு ஆள் இருக்கு" என்றான் அண்ணன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக, "நான் இல்ல, நான் தங்கச்சி" என்றேன்.

"வீட்டுல ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா" என்றான். அந்தக் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னான். நான் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "அண்ணா, அந்த வட்டப் பை வலையையே எடு. அண்ணி வந்தாலும் அவ தோளுக்கு நல்லது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதை எடுத்தா அவ என்ன நினைப்பா? நீ வேணாம், நானே பாத்துக்குறேன்னு சொன்ன மாதிரி ஆகாது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன் மேல் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவனுக்கு அவள் வேண்டும். அது பொய்யில்லை. ஆனால் வேண்டும் என்பதைச் சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அவள் கையில் ஒரு கம்பியைக் கொடுப்பதுதான். இரும்புக் குழாய் வலையை எடுத்தான். ஒரு சுற்றுப் பெரியதை.

அன்று மாலையே போன் போட்டான். எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்கிற மாதிரி முழுக் கட்டிடத்துக்கும் கேட்டது.

"புது வலை எடுத்தாச்சு! கடைக்காரன் ஒரு ஆள் வலையைத் தலையில கட்டப் பாத்தான், உதறினா நிக்குமாம். நான் வேணாம்னு சொல்லிட்டேன். உனக்காகத்தான் ரெண்டு ஆள் வலையா எடுத்திருக்கேன்! உன் இடம் அப்படியேதான் இருக்கு, தெரிஞ்சுதா?"

பூங்கொத்து நீட்டுகிறவன் குரல் அது. பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை கத்தினான். பிறகு சத்தம் இல்லை. மறுநாள் கேட்டதற்கு, "கேட்டுக்கிட்டா. ஒண்ணும் சொல்லல. சந்தோஷமா இருக்கும்" என்றான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மறுமுனை என்னிடம் வந்தது. அண்ணி எப்படி இத்தனை வருஷம் தாக்குப் பிடித்தாள் என்று எனக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கனமான கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், எதிர்முனையில் இருந்து ஒருவன் கத்திக்கொண்டே இருப்பான், சுற்றி நிற்கிற ஜனம் வேடிக்கை பார்க்கும். மூன்றாவது நிகழ்ச்சியில் நான் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை ஏய்னு கத்தினா, நான் பஸ் பிடிச்சுப் போயிடுவேன்" என்றேன். அவனுக்கு ஆச்சரியம். நிஜமாகவே ஆச்சரியம். "நான் எங்க கத்தினேன்?" என்று கேட்டான்.

அண்ணிக்கு முதல் சம்பளம் வந்த வாரம் அந்தப் பார்சல் வந்தது. கடைக்காரரின் ஆள் ஒருவர் வண்டியில் கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார். வட்டமான தட்டைப் பை. அண்ணன் மாடிப்படியில் இருந்தே, "நாங்க ஒண்ணும் ஆர்டர் பண்ணலயே!" என்றான்.

"உங்க வீட்டு அம்மா போன் பண்ணாங்க சார். நீங்க அன்னைக்கு வேணாம்னு சொன்ன வலை இருக்கில்ல, அதேதான் வேணும்னாங்க. காசும் அனுப்பிட்டாங்க. இந்த விலாசத்துக்குக் கொடுக்கச் சொன்னாங்க."

"ஏதாச்சும் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல சார். ஒரே ஆள் நிறுத்தலாம்தானேன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

அவர் போய்விட்டார். அண்ணன் பையைச் சுற்றி ஒருமுறை நடந்தான். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஜிப்பைத் திறந்தான், எடுத்து உதறினான். வலை விரிந்து நிமிர்ந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் நின்றுவிட்டது. கத்துவதற்கு அதில் வேலையே இல்லை. பழக்க தோஷத்தில் அவன் தலை மட்டும் ஒருமுறை மறுபக்கம் திரும்பி, யாரையோ தேடிவிட்டுத் திரும்பி வந்தது.

போனை எடுத்தான். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போட்டான், ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை நான் சாட்சியாக இருக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ.

"வந்து சேந்துச்சு" என்றான்.

"நிக்குதாங்க?" அண்ணியின் குரல். அமைதியாக இருந்தது.

"நிக்குது."

"காத்துக்கு?"

"மணல் போட ஜேபி இருக்கு."

"ரெண்டு பக்கமும் போடுங்க."

"ம்."

"சரிங்க. அப்ப உங்களுக்கு அங்க சிரமம் ஒண்ணும் இருக்காது. வெச்சிடுறேன், ஆள் வந்திருக்காங்க."

வைத்துவிட்டாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பல் டாக்டரின் முன் மேஜையில் யாருக்கோ நேரம் குறித்துக் கொடுக்கிற குரல்தான் எங்களுக்கும் கிடைத்தது. அண்ணன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா?" என்றான் என்னிடம். "இவ்வளவு நாளா போன்ல பேசுறா, நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எழுந்து அவன் முன்னால் போய் நின்றேன்.

"நீ கேட்டியா அண்ணா? வாராவாரம் போன் போட்டியே. எப்ப வர்ற, எப்ப வர்றன்னு. தோள் வலிக்குதான்னு ஒரு நாள் கேட்டியா?"

யோசிக்கிறான் என்று தெரிந்தது. ஒவ்வொரு போனாக நினைவில் தேடிப் பார்க்கிறான், எங்காவது ஒன்றில் கேட்டிருப்போம் என்று. கண் கலங்கிவிட்டது. அவன் அழுது நான் பார்த்ததே இல்லை, எங்கள் அப்பா போனபோதுகூட.

பிறகு அவன் வலையை மடிக்கத் தொடங்கினான். அந்த ரக வலை விரிவது சுலபம், மடிப்பதுதான் கஷ்டம். முறுக்கிப் பிடித்து வட்டமாக்க வேண்டும், கொஞ்சம் விட்டாலும் துள்ளி விரிந்துவிடும். மடித்தான், துள்ளியது. காலால் மிதித்துப் பார்த்தான், முகத்தில் அடித்தது. மேல் மாடி ஜன்னல்களில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. ஸ்பீக்கர் வீட்டில் இவ்வளவு நேரம் சத்தமே இல்லாதது அவர்களுக்குப் புதுசு.

கடைசியில் அவன் ஒரு விளிம்பை என் பக்கமாக நீட்டினான்.

"கொஞ்சம் பிடிச்சுக்கிறியாம்மா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவனுக்கு இந்தக் குரலும் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. இந்தக் குரலில் அவளிடம் கேட்டிருக்க வேண்டும், ஒரே ஒரு நாள், அவள் கையில் கம்பியோடு நின்றபோது. நான் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த ஒரு ஆள் வலையை மடித்துப் பைக்குள் போட்டோம்.